கப்பி பூட்டிய வில்: முதல் வேட்டை வில்லைத் தேர்ந்தெடுத்தல்

காம்பவுண்ட் வில்லை மற்ற விற்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் இரு முனைகளிலும் பூட்டியிருக்கும் கப்பிகள். கிணற்றில் நீர் இறைக்கும் கப்பி வட்டமானது. அதன் அச்சு நட்டநடுவில் இருக்கும். வில்லின் கப்பி பெரும்பாலும் கோணலாக, முட்டையையோ அவரை விதையையோ போலிருக்கும். அச்சும் ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். நாணை இழுக்க இழுக்க இந்தக் கப்பி சுழல்கிறது. சுழலச் சுழல, அச்சிலிருந்து நாண் விலகி நிற்கும் தூரம் மாறுகிறது. இழுப்பவரின் கையில் உள்ள நெம்புகோல் முதலில் குட்டையாக இருந்து, முடிவில் நீண்டுவிடுகிறது என்று சொல்லலாம். அதனால்தான் தொடக்கத்தில் முரண்டுபிடிக்கும் வில், முழுவதும் இழுத்தபின் சாதுவாகிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன். முனைகள் முன்னோக்கி வளைந்த சாதாரண ரீகர்வ் வில் ஒன்றின் முனைகளை அறுத்துவிட்டு, அங்கே கப்பிகளைப் பூட்டிப் பார்த்தார். 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் அது கிடைத்தது. வில் செய்வதையே தொழிலாகக் கொண்ட டாம் ஜென்னிங்ஸ் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் கையில் இருந்துவரும் ஒரு கருவி, ஒரே தலைமுறைக்குள் அடையாளம் தெரியாத அளவு உருமாறியது. இன்று அமெரிக்காவில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலரின் கையில் இருப்பது ஆலனின் வில்லின் வழிவந்ததே.

விசையும் தூரமும்

ஒரு வில் அம்புக்கு எவ்வளவு ஆற்றலைக் கொடுக்கும் என்பதை அறிய ஒரு வரைபடம் போதும். நாணை இழுத்த தூரத்தைக் கிடைக்கோட்டிலும், அந்தத் தூரத்தில் கை உணரும் விசையைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வில்லில் சேமித்து வைக்கப்பட்ட ஆற்றல். கப்பியில்லாத நெடுவில்லில் இந்தக் கோடு சாய்தளம் போல ஒரே சீராக ஏறுகிறது. முழுவதும் இழுத்து நிற்கும் கணத்தில்தான் விசை உச்சத்தில் இருக்கும். பரப்பு ஏறத்தாழ ஒரு முக்கோணம். அதே உச்ச விசையும் அதே தூரமும் கொண்ட செவ்வகத்தில் அது பாதி.

காம்பவுண்ட் வில்லின் கோடு வேறு விதமானது. இழுக்கத் தொடங்கிய சில அங்குலங்களிலேயே விசை செங்குத்தாக ஏறி உச்சத்தைத் தொடும். பிறகு பீடபூமி போல அதே உயரத்தில் நெடுகச் செல்லும். கடைசியில் சட்டென்று பள்ளத்தில் இறங்கும். செவ்வகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை இந்தப் பரப்பு நிரப்பிவிடுகிறது. உச்ச விசை இரண்டு விற்களிலும் ஒன்றேயாக இருந்தாலும், கப்பி பூட்டிய வில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றலைச் சேமிக்கிறது. கப்பி எதையும் இலவசமாகக் கொடுத்துவிடவில்லை. அந்த ஆற்றல் முழுவதும் இழுப்பவரின் முதுகுத் தசையிலிருந்து வந்ததுதான்.

கடைசியில் வரும் பள்ளம்தான் வேட்டைக்காரருக்கு முக்கியம். 55 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லை எடுத்துக்கொள்ளலாம் (இந்தத் துறையில் இந்தியாவிலும் பவுண்டும் அங்குலமுமே வழக்கு). 55 பவுண்டு என்பது 25 கிலோ, ஒரு சிப்பம் அரிசி. உச்சத்தைத் தாண்டியதும் விசை 80 சதவீதம் தளர்ந்தால், கை தாங்க வேண்டியது 11 பவுண்டு, அதாவது 5 கிலோ மட்டுமே. இன்றைய விற்களில் இந்தத் தளர்வு பொதுவாக 75 முதல் 90 சதவீதம் வரை இருக்கிறது. நாணை இழுத்த நேரத்தில் மான் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டால், அது வெளியே வரும்வரை வில்லாளி காத்திருக்கலாம். நெடுவில்லில் அது சில நொடிகளுக்கு மேல் முடியாது.

வில் வேட்டை நடக்கும் இடம்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1934-இல் வில்லுக்கென்றே தனியான மான் வேட்டைப் பருவத்தை அறிவித்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பருவம், உரிமம், எத்தனை விலங்கு என்பதையெல்லாம் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வகுத்திருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், 1972-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வில்லையும் உள்ளடக்கியது. வில் தயாரிப்பாளர் செலுத்தும் 11 சதவீத வரி மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிகளுக்குப் போகிறது. பிரிட்டனில் வில்லால் வேட்டையாடத் தடை உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். இங்கே காம்பவுண்ட் வில் போட்டி மைதானத்துக்கு உரியது. ஆகவே இந்த அத்தியாயம் பேசுவது வட அமெரிக்க வேட்டையைப் பற்றி, அதிலும் அங்கே மிகுதியாக வேட்டையாடப்படும் வெண்வால் மானைப் பற்றி.

துப்பாக்கிக் குண்டும் அம்பும் கொல்லும் முறை ஒன்றல்ல. வேகமான குண்டு தன் ஆற்றலைத் திசுவுக்குள் கொட்டிச் சிதைக்கிறது. அம்பின் ஆற்றல் அதற்கு முன் மிகச் சிறியது. அம்பின் முனையில் உள்ள சவரக்கத்தி போன்ற அலகுகள் நுரையீரலையோ இதயத்தையோ பெரிய இரத்தக் குழாய்களையோ அறுக்கின்றன. விலங்கு இரத்த இழப்பால் சில நொடிகளில் உணர்விழந்து விழுகிறது. இது நடக்க வேண்டுமென்றால் முனை கூராக இருக்க வேண்டும். அம்பு மார்புக்கூட்டைத் துளைத்துப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சரியான இடத்தில் பட வேண்டும். மானின் உடலில் அந்த இடம் சுமார் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். அதற்கு ஒரு சாண் தள்ளிப் பட்டால், விலங்கு காயத்தோடு ஓடிப்போய் எங்கோ புதருக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். முதல் வில்லைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் ஒவ்வொரு கேள்வியையும் இந்த 20 சென்டிமீட்டர் வட்டத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் கண், பிறகு கை

வலது கைப் பழக்கம் உள்ளவர் வலக்கை வில் வாங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் குறிபார்ப்பது கண். மனிதர்களின் இரு கண்களில் ஒன்று மற்றதை மீறி ஆட்சி செய்கிறது; அது பெரும்பாலும் வலது, பலருக்கு இடது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு முக்கோணத் துளை அமைத்து, அதன் வழியே தொலைவில் உள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். கைப்பழக்கம் வலதாகவும் ஆளும் கண் இடதாகவும் இருப்பவர், புதிதாகத் தொடங்குபவராக இருந்தால், இடக்கை வில்லை எடுப்பதே நல்லது. எந்தக் கையில் இழுத்தாலும் தொடக்கத்தில் தசைக்கு அது புதுப் பாடம்தான்.

இழுநீளம்

காம்பவுண்ட் வில்லில் மிக முக்கியமான அளவு இது. மிக அடிக்கடி தவறாகப் போவதும் இதுவே. ரீகர்வ் வில்லை யார் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். காம்பவுண்ட் வில்லில் கப்பி ஒரு குறிப்பிட்ட அளவு சுழன்றதும் நின்றுவிடும்; அதற்குமேல் நாண் சுவரில் மோதியது போல வர மறுக்கும். அந்தச் சுவர் எங்கே இருக்க வேண்டும் என்பதை வில்லாளியின் எலும்புகள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரு கைகளையும் பக்கவாட்டில் இயல்பாக விரித்து நின்று, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, 2.5-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 70 அங்குல விரிப்புக்கு 28 அங்குல இழுநீளம். 65 அங்குலத்துக்கு 26. இது தொடக்கப் புள்ளிதான். கழுத்தின் நீளம், தோளின் அகலம், நாணை விடுவிக்கும் கருவியின் வகை ஆகியவை அரை அங்குலம் இப்படியும் அப்படியும் மாற்றிவிடும்.

நீளம் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வில்லைப் பிடித்த கை முட்டியில் விறைத்து நீள்கிறது. தோள் காதை நோக்கி உயர்கிறது. உடல் பின்னால் சாய்கிறது. நாணைத் தேடி முகம் திரும்புகிறது. விடுவித்த நாண் முன்கையில் அறையும். எலும்பு தாங்க வேண்டிய சுமையைத் தசை தாங்குகிறது, தசை நடுங்கும். நீளம் சற்றுக் குறைந்தால் இழப்பு அம்பின் வேகத்தில் மட்டுமே: ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு சுமார் 3 மீட்டர். வேகம் வேண்டி ஓர் அங்குலம் நீளமாக வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஓர் அங்குலம் குறியைக் குலைத்துவிடுகிறது. ஐயம் வந்தால் குட்டையான அளவையே எடுப்பது நல்லது.

இழுவிசை

எவ்வளவு விசை வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 26 அங்குலம் இழுக்கும் ஒருவர் கையில் 55 பவுண்டு வில் இருப்பதாகக் கொள்ளலாம். 420 கிரெயின், அதாவது 27 கிராம் எடையுள்ள அம்பு அதிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 74 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் இயக்க ஆற்றல் சுமார் 74 ஜூல். மானுக்கு 35 முதல் 55 ஜூல் வரை போதும் என்பது வில் வேட்டையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆகவே 70 பவுண்டு இழுத்தால்தான் வேட்டைக்காரர் என்ற எண்ணத்துக்கு இயற்பியலில் இடமில்லை. கரடி, எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்குக் கூடுதல் விசை வேண்டும். சட்டமும் கீழ்வரம்பு வைத்திருக்கிறது: கொலராடோவில் 35 பவுண்டு, ஐடஹோவில் 40.

தனக்கு எவ்வளவு தாங்கும் என்பதைக் கடையில் நின்று சோதித்தால் தவறான விடையே கிடைக்கும். கடையில் உடல் சூடாக இருக்கிறது, மேலே மெல்லிய சட்டை, பக்கத்தில் நண்பர்கள். காட்டிலோ, உறைகுளிரில் கனத்த அங்கியோடு மரத்தின் மேல் கட்டிய பலகையில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தபின் ஒரே ஒரு முறை, ஓசையின்றி, மெதுவாக இழுக்க வேண்டும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தரையிலிருந்து தூக்கி, வில்லைக் குறிக்கு நேராக நீட்டியபடியே இழுத்துப் பார்க்க வேண்டும். கைகளை வானத்தை நோக்கி உயர்த்தித்தான் இழுக்க முடிகிறதென்றால் விசை அதிகம். அப்படி உயர்த்துவது மானின் கண்ணுக்குத் தப்பாது. நாண் கை நழுவினால் அம்பு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய தசைநாண்கள் கிழிந்தால் பல மாதங்களுக்கு வில்லைத் தொடவே முடியாது.

லிம்ப் எனப்படும் வளையும் தகடுகளை நடுத்தண்டோடு இணைக்கும் திருகாணிகளைத் தளர்த்தினால் இழுவிசை குறையும். பெரும்பாலான விற்களில் இந்த வீச்சு 10 பவுண்டு: 50-60, 60-70 என்று விற்பார்கள். புதியவருக்கு 50-60 வில்லை 50-இல் தொடங்கி ஏற்றிக்கொண்டு போவது வசதி. வளரும் பிள்ளைகளையும் புதியவர்களையும் எண்ணிச் செய்த விற்களில் வீச்சு மிகப் பெரியது. டயமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் புரோ, பேர் நிறுவனத்தின் குரூசர் போன்றவை 5 பவுண்டிலிருந்து 70 வரை போகும். இழுநீளமும் 12, 13 அங்குலத்திலிருந்து 30, 31 வரை மாறும். இவ்வளவு வளைந்துகொடுக்கும் வில், ஒரே அளவுக்கெனச் செதுக்கிய வில்லின் வேகத்தை எட்டாது. தன் அளவு இன்னதென்று இன்னும் தெரியாதவருக்கு அந்த இழப்பு பெரிதில்லை.

வில்லின் நீளம், இடைவெளி, எடை

மேல் கப்பியின் அச்சிலிருந்து கீழ்க் கப்பியின் அச்சுவரை உள்ள தூரமே வில்லின் நீளம். வேட்டை விற்களில் இது 28 முதல் 35 அங்குலம். குட்டை வில் மரக்கிளைகளுக்கு நடுவிலும் மறைப்புக் கூடாரத்துக்குள்ளும் இடிபடாது. நீண்ட வில்லில் எடை இரு முனைகளை நோக்கிப் பரவியிருப்பதால் அது எளிதில் திரும்பாது; கயிற்றின் மேல் நடப்பவர் நீண்ட கம்பைப் பிடித்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். இன்னொரு விளைவும் உண்டு. முழுவதும் இழுத்தபோது நாண் ஒரு கோணமாக மடங்கும்; வில் எவ்வளவு குட்டையோ அவ்வளவு கூரிய கோணம். இழுநீளம் மிகுந்தவர் குட்டை வில்லை இழுத்தால் நாண் மூக்கு நுனியைத் தொடாமல் விலகிவிடும். நாணில் உள்ள பார்வைத்துளையைக் கண்ணுக்குக் கொண்டுவரத் தலையைக் குனிய வேண்டிவரும். முதல் வில் 30 முதல் 33 அங்குலம் இருந்தால் இரு பக்கத்துக்கும் பொருந்தும்.

இழுக்காத நிலையில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம் இன்னொரு அளவு. இது 6 அங்குலமாக இருந்தால் நாண் அம்பைத் தள்ளும் தூரம் கூடும், வேகமும் கூடும். 7 அங்குலமாக இருந்தால் வேகம் சற்றுக் குறையும். ஆனால் நாண் முன்கையிலோ குளிரங்கியின் கையிலோ உரசும் வாய்ப்பும் குறையும். தொடங்குபவருக்கு 6.5-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

கப்பிகளின் அமைப்பில் ஒற்றைக் கப்பி, இரட்டைக் கப்பி, கலப்பு என்று பல வகைகள் உண்டு. விற்பனையாளர்கள் இதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது வகையின் பெயரை விட, இழுக்கும்போது கை உணர்வதை. வேகத்துக்காகச் செதுக்கிய கப்பியில் விசை சட்டென்று ஏறி, கடைசி அங்குலத்தில் படிக்கட்டிலிருந்து விழுவது போல இறங்கும். பள்ளம் குறுகலாக இருப்பதால் கை சற்றுத் தளர்ந்தாலும் நாண் முன்னால் பறித்துக்கொண்டு போகும். மென்மையான கப்பியில் பள்ளம் அகலம். காத்திருக்க இடம் உண்டு.

வில்லின் எடை பொதுவாக 4 பவுண்டை ஒட்டியிருக்கும். குறிக்கருவி, அம்புத்தூணி எல்லாம் பூட்டினால் 6 பவுண்டை நெருங்கும். கனமான வில் நிலைத்து நிற்கும். இலேசான வில் மலையேறுபவருக்குச் சுமையாகாது.

விளம்பரத்தில் வரும் வேகம்

ஒவ்வொரு வில்லின் மீதும் ஓர் எண் பொறித்திருப்பதைப் போல விளம்பரம் ஒரு வேகத்தைச் சொல்லும்: நொடிக்கு 330 அடி, 340 அடி. இது 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் அம்பு என்ற நிபந்தனைகளில் அளந்தது. மேலே சொன்ன 26 அங்குலம், 55 பவுண்டு, 420 கிரெயின் வில்லாளி அதே வில்லை எடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 240 அடி, அதாவது 74 மீட்டர். ஏமாற்றம் தேவையில்லை, அந்த 74 மீட்டர் போதுமானது.

வேகம் கூடினால் எவ்வளவு நன்மை என்பதையும் கணக்கிடலாம். தூரத்தைத் தவறாக மதிப்பிடுவதே காட்டில் நடக்கும் பெரும்பிழை. 30 மீட்டர் என்று எண்ணிக் குறிவைத்த மான் உண்மையில் 33 மீட்டரில் நின்றால், 74 மீட்டர் வேக அம்பு சுமார் 9 சென்டிமீட்டர் கீழே படும். 85 மீட்டர் வேக அம்பு சுமார் 7 சென்டிமீட்டர் கீழே படும். விலை கூடிய வில் வாங்கித் தந்தது 2 சென்டிமீட்டர். கையடக்கமான லேசர் தூரமானி பிழையையே இல்லாமல் செய்துவிடும்.

மானின் காது இன்னொரு கணக்கைக் கொண்டுவருகிறது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. எந்த வில்லின் அம்பும் அதன் நாணொலியை முந்தாது. ஒலி கேட்டதும் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். அந்த நேரத்தில் அம்பு வந்தால் முதுகுக்கு மேலே போகும். ஒலி எட்டியபின் பத்தில் ஒரு நொடியில் மான் அசையத் தொடங்கி, தடையின்றி விழும் பொருளைப் போலத் தாழ்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டரில் 74 மீட்டர் வேக அம்பு வந்து சேர்வதற்குள் அதன் உடல் 23 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். அம்பை 85 மீட்டருக்கு வேகமாக்கினால் 13 சென்டிமீட்டர். பழைய அம்போடேயே 20 மீட்டருக்கு நெருங்கினால் 6 சென்டிமீட்டர்தான். எந்த மானும் இதைவிட வேகமாகத் தாழ்ந்துவிட முடியாது. பெரும்பாலானவை இந்த அளவுக்கும் தாழ்வதில்லை. ஆனாலும் பத்து மீட்டர் நெருக்கம் வேகத்தைவிட எவ்வளவு மதிப்புள்ளது என்பதை எண்கள் காட்டிவிடுகின்றன. ஓசை குறைந்த வில்லும் அதைப் போலவே மதிப்புள்ளது.

அம்பு

ஓசைக்கும் அம்பின் எடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வில்லில் சேமித்த ஆற்றலில் அம்பு எடுத்துக்கொண்டது போக மீதி அதிர்வாகவும் சத்தமாகவும் வெளிப்படுகிறது. கனமான அம்பு அதிகப் பங்கை எடுத்துக்கொள்வதால் வில் அமைதியாகிறது. ஒவ்வொரு பவுண்டு இழுவிசைக்கும் குறைந்தது 5 கிரெயின் அம்பு எடை என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாக வைக்கும் பாதுகாப்பு எல்லை. வேட்டைக்கு 7, 8 கிரெயின் நல்லது. அம்பே இல்லாமல் நாணை இழுத்து விட்டால் ஆற்றல் முழுவதும் வில்லின் மீதே பாயும். லிம்ப் பிளக்கலாம், கப்பி வளையலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். கடையில் வில்லை எடுத்துப் பார்ப்பவர்கள் பழக்கமில்லாமல் செய்துவிடும் முதல் தவறு இது.

அம்பின் விறைப்பையும் வில்லுக்குப் பொருத்த வேண்டும். நாண் தள்ளும்போது அம்பு சற்று வளைகிறது. வளைவு வில்லின் விசைக்கு ஒவ்வாவிட்டால் அம்பு ஆடிக்கொண்டே போகும். கார்பன் அம்பில் பொறித்துள்ள 340, 400, 500 என்ற எண்கள் விறைப்பைக் குறிப்பவை. 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்த தண்டின் நடுவே 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளைகிறது என்பதே அந்த எண். எண் பெரிதானால் அம்பு நெகிழ்ச்சி மிக்கது. இழுவிசையும் அம்பின் நீளமும் முனையின் எடையும் கூடினால் சிறிய எண்ணுக்குப் போக வேண்டும். அம்புத் தயாரிப்பாளர்கள் இதற்கு அட்டவணை தருகிறார்கள். வில் வாங்கும் அன்றே அதைப் பார்த்து அம்பு வாங்குவது முறை.

முனைகளில், அலகுகள் அசையாமல் பொருத்தியவை ஒரு வகை. பட்டதும் விரிபவை இன்னொரு வகை. விரிபவை பறக்கும்போது நிலையாகப் போகும். ஆனால் விரிவதற்கே கொஞ்சம் ஆற்றலைச் செலவழிக்கும். ஆகவே இழுவிசை குறைந்த முதல் வில்லுக்கு அசையா முனையே ஏற்றது. எதுவானாலும் பயிற்சி முனையைக் கொண்டு சரிசெய்த குறிக்கருவியை வேட்டை முனையோடு மீண்டும் சோதிக்க வேண்டும். அகன்ற அலகுகள் காற்றில் சிறு இறக்கைகளைப் போல அம்பைத் திசைதிருப்பக்கூடியவை.

புதியதும் பழையதும்

குறிக்கருவி, அம்புதாங்கி, அம்புத்தூணி, அதிர்வடக்கி எல்லாம் சேர்த்த தொகுப்பாகவும் விற்கள் கிடைக்கின்றன. தொடங்குபவருக்கு அது சிக்கனம். தொகுப்பில் வருபவை நடுத்தரமானவை. பின்னர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். நாணை விரல்களால் விடாமல், மணிக்கட்டில் கட்டிய விசைக்கொக்கியால் விடுவிப்பதே காம்பவுண்ட் வில்லின் முறை. இது தொகுப்பில் பெரும்பாலும் சேராது, தனியே வாங்க வேண்டும்.

நாண் மாற்றுவதற்கும் பல விற்களில் இழுநீளம் மாற்றுவதற்கும் லிம்புகளை அழுத்திப் பிடிக்கும் பொறி வேண்டும். அது வீட்டில் இருப்பதில்லை. அதனால் நல்ல பணிமனையுள்ள கடை அருகில் இருப்பது, இணையத்தில் சற்று மலிவாகக் கிடைப்பதைவிடப் பெரிது. அங்கே மூன்று நான்கு விற்களை அம்பெய்து பார்த்து வாங்கலாம். கைப்பிடி உள்ளங்கையில் எப்படி உட்காருகிறது என்பதை எந்தக் குறிப்பேடும் சொல்லாது.

ஐந்தாறு ஆண்டுப் பழைய உயர்ரக வில், புதிய மலிவு வில்லின் விலைக்கே கிடைக்கும். நல்ல வாய்ப்புதான், பரிசோதித்து வாங்கினால். முதலில் பஞ்சை லிம்புகளின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி நார்ப் பிளவு இருந்தால் பஞ்சு சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய வில்லை வாங்கக் கூடாது. கப்பியின் விளிம்பில் நெளிவோ பள்ளமோ உண்டா, அச்சு வளைந்திருக்கிறதா, நாணும் கப்பிகளை இணைக்கும் வடங்களும் மயிரிழையாகப் பிரிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நாண் தேய்ந்திருந்தால் புதிதாகப் போடும் செலவை விலையில் கழிக்க வேண்டும். மூடிய காருக்குள் வெயிலில் நெடுநாள் கிடந்த வில்லின் லிம்புகள் வெளியே பளபளத்தாலும் உள்ளே ஒட்டு விட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த மாடலுக்கு வாங்குபவரின் இழுநீளத்துக்கான கப்பித்துண்டு இன்னும் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய விற்கள் சிலவற்றுக்கு அது கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் வில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது வேறொருவருக்கு உரியது.

வாங்கிய வில்லோடு கோடை முழுவதும் பழகியபின் எஞ்சுவது தூரத்தை முடிவுசெய்வது. அதற்கான சோதனை காலையில் எழுந்து எய்யும் முதல் அம்பு. உடல் சூடேறியபின் எய்யும் இருபதாவது அம்பு காட்டில் யாருக்கும் கிடைப்பதில்லை. பல நாள் தொடர்ந்து, அந்த முதல் அம்பு 20 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் தவறாமல் விழும் மிகத் தொலைவான இடம் எதுவோ, அந்த வில்லாளிக்கு அந்த ஆண்டின் எல்லை அதுதான். பலருக்கு அது 20 மீட்டரை ஒட்டியிருக்கும்.